அடுப்புள்ள வீடு

அத்தியாயம் 14

தண்ணீர்த் தொட்டி மேட்டில், மிளகுக்கொடி ஏறிய மூன்றாவது சில்வர் ஓக் மரத்தை ஒட்டி நின்றால்தான் கோகிலவாணியின் போனில் டவர் எடுக்கும். இரண்டடி தள்ளி நின்றால் சென்னை காணாமல் போய்விடும்.

இன்று காலையும் அவள் அங்கேதான் நின்றாள். பனி இன்னும் விலகவில்லை. கீழே திண்ணனூர் மலைநாட்டுக் குடிசைகளும் ஓட்டு வீடுகளும் பாலுக்குள் போட்ட மாதிரி மங்கலாகத் தெரிந்தன. அவள் போனில், சென்னையில் மூன்று நாளைக்கு வாடகைக்குப் பேசியிருந்த வீட்டின் படங்களை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நீலத் திரை போட்ட ஜன்னல். இரண்டு படுக்கையறை. ஒரு ஹால். கடைசியில், எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காத அந்தப் படம்: கேஸ் அடுப்பு, அதன்மேல் துலக்கி வைத்த ஒரு குக்கர்.

அந்த அடுப்புக்காகத்தான் இத்தனை பாடும்.

அரைப்பரீட்சை லீவுக்குச் சென்னை போகிறோம், மகள் ஹரிணிக்குக் கடல் காட்ட, வண்டலூரில் புலி காட்ட என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். மாமனார் காளியண்ணனும் அதைத்தான் நம்பியிருந்தார். உண்மை தெரிந்தவர்கள் வீட்டில் மூன்று பேர்தான். கோகிலா, அவள் கணவன் வேல்முருகன், மாமியார் கண்ணாயி.

வேல்முருகனின் தம்பி முரளி, மாமன் மகளோடு நிச்சயமான பிறகு, பந்தக்கால் நடுகிற வாரத்தில் சென்னைக்குப் போய்ச் சங்கீதாவைக் கட்டிக்கொண்டவன். அன்றைக்கு ஊர்க்கூட்டத்தில் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்த காளியண்ணன், வாசலில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றிச் சத்தியம் செய்தார்.

"இனி அவன் என் ஊட்டுப் படிய மிதிக்கக் கூடாது. என் அடுப்புச் சோறு அவன் வாயில படக் கூடாது. மலையக் காக்கற பெரியசாமி மேல ஆணை."

அதற்கப்புறம் முரளி என்ற பெயரையே அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. அவனுக்கு ஒரு மகள் பிறந்து, நடக்கப் பழகி, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். கண்ணாயி அவளைப் பார்த்ததெல்லாம் இந்த மரத்தடியில், மருமகளின் போனில்தான்.

இப்போது முரளி குடும்பத்தோடு மஸ்கட்டுக்குப் போகிறான். பொங்கலுக்கு அங்கே இருப்பான். வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களைக் கொடுத்துவிட்டு, சங்கீதாவின் அக்கா வீட்டில் ஓர் அறையில் ஒண்டியிருக்கிறான்.

"பறக்கறதுக்கு முன்னால ஒரு வேள எங்கையால அவனுக்குச் சோறு போட்டுரோணும் கண்ணு. அவுங்கப்பனும் அதே பந்தில உக்காரோணும்," என்று கண்ணாயி ஒருநாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே சொன்னாள். அழவெல்லாம் இல்லை. சொல்லிவிட்டு மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான்.

வழியைக் கண்டுபிடித்ததும் அவள்தான். வாடகைக்கு எடுக்கிற இடம் யார் வீடும் இல்லை. அங்கே இருக்கிற அடுப்பு யார் அடுப்பும் இல்லை. அங்கே முரளி வந்து நின்றால், படியை மிதிக்காதே என்று சொல்ல மாமனாருக்குச் சொந்தமாக ஒரு படி இருக்காது.

அதிலிருந்து இந்த மரத்தடிதான் கோகிலாவுக்கு எல்லாம். எழும்பூர்ப் பக்கம் லாட்ஜ் பார்த்தாள், அடுப்பு இல்லை. கடற்கரைப் பக்கம் அழகான வீடு ஒன்று இருந்தது. சைவம் மட்டும் என்று போட்டிருந்தார்கள். மாமியார் மகனுக்கு வைக்க நினைத்திருந்ததோ நாட்டுக்கோழிக் குழம்பும் சாமைச் சோறும். இன்னொன்றில் அடுப்பு, அசைவம் எல்லாம் சரி, பதினோராவது மாடி. "லிப்டுல கதவு சாத்துனா எனக்கு மூச்சு முட்டிக்கும் சாமி, என்னைய கீழயே உட்டுட்டுப் போயிருங்க" என்று மாமனார் சொல்லிவிட்டார். கடைசியில் வளசரவாக்கத்தில் இந்த முதல் மாடி வீடு. "குடும்பத்துக்கு ஏற்ற இடம்" என்று அதன் படத்தின் மேலேயே எழுதியிருந்தது. எந்தக் குடும்பத்துக்கு என்று அவர்களுக்குத் தெரியாதே என்று கோகிலா நினைத்துக்கொண்டாள்.

நாளை மத்தியானம் செம்மேட்டில் பஸ். ராத்திரி சேலத்தில் ரயில். விடிந்தால் சென்னை.

அவள் போனை மடியில் செருகிக்கொண்டு, ரொம்ப நாளைக்கப்புறம் வாய்க்குள் பாட்டு முனகியபடி மேட்டை விட்டு இறங்கினாள்.

*

காளியண்ணன் செம்மேட்டிலிருந்து வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் இறுகியிருக்கிற முகத்தில் இன்றைக்கு ஒரு குறும்பு இருந்தது. கையில் நாளிதழில் சுற்றிய ஏதோ ஒன்று.

"கோகிலா, இங்க வா சாமி. இதப் பாரு."

காகிதத்தைப் பிரித்தார். சின்னதாக, கழுத்து ஒடுங்கிய ஒரு பித்தளைப் பானை. வெயில் இல்லாத அந்த முற்றத்தில் அது மட்டும் மஞ்சளாக எரிந்தது.

"எதுக்குங்க மாமா? அங்க பாத்திரமெல்லாம் அவங்களே குடுக்கறாங்க."

"அடுத்தவன் பாத்திரத்துல பால் காச்சுவாங்களா?"

"பாலா?"

"பின்ன? புது அடுப்பல்லோ. காட்டுக் கொட்டாயில காவலுக்குப் படுக்கப் போனாக்கூட, நம்மூட்டுல மொதல்ல பால் பொங்கினாத்தான் ஒல வெப்போம். மெட்ராசுன்னா வழக்கம் மாறிப் போயிருமா?" சொல்லிவிட்டுப் பேத்தியைப் பார்த்துச் சிரித்தார். "மூணு நாளுன்னாலும் அது நம்மூடுதான். என்ன ஹரிணி?"

"அப்பாரு, பால் பொங்குனா எனக்கு மொத டம்ளர்!"

"உனக்குத்தான் கண்ணு."

கோகிலாவும் சிரித்தாள். மாமனார் கேலி பேசி எத்தனை நாளாகிறது. அப்போதுதான், உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்த முறத்தின் சத்தம் நின்றுபோயிருந்தது அவளுக்கு உறைத்தது.

கண்ணாயி நிலைப்படியில் நின்றாள். அவள் பார்வை பானையை விட்டு நகரவில்லை.

*

"இத்தன நாளு பார்த்து, இத நான் மறந்துட்டனே," என்றாள் கண்ணாயி. மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து மாட்டுக் கொட்டாய்க்கு இழுத்து வந்திருந்தாள். 

"என்னங்கத்தை? பால்தானுங்க?"

"பால்தானா? நீ கீழ்நாட்டுப் பொண்ணு, உனக்குத் தெரியாது. இந்த ஊட்டுல பால் காச்சறவன் ஊடுதான் ஊடு. அவரு கையால மொதப் பால் பொங்கிருச்சுன்னா, மூணு நாளோ முன்னூறு நாளோ, அது அவரு ஊடு. அந்தப் படி அவரு படி. அந்த அடுப்பு அவரு அடுப்பு."

கோகிலாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மலைக்குக் கீழே, நாமக்கல்லுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். அவர்கள் ஊரிலும் பால் காய்ச்சுவார்கள். புது வீட்டுக்கு, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு. லாட்ஜுக்கும் கொட்டாய்க்கும் யாரும் காய்ச்சியதில்லை.

"மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லிப் பாக்கலாமுங்க."

"என்னன்னு சொல்லுவ? ஏன்னு கேட்டா?"

"அப்பப் பால் பொங்குனாப் பொங்கட்டும். முரளித் தம்பி வரட்டும். மாமா என்ன, அடிச்சுத் தொரத்தவா போறாரு?"

கண்ணாயி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது, அப்பட்டமான பயம்.

"அவரு தொரத்துவாருன்னா நான் பயப்படறேன்? பெரியசாமி மேல வெச்ச சத்தியம் கண்ணு. அது மீறுச்சுன்னா யாரு தலையில விடியும்? ஏரோப்ளேன்ல போறவன் எம்பையன். கடலுக்கு மேல போறானாம். அந்தச் சின்னப் பிள்ளையும் கூடப் போகுது."

பசு கழுத்தைத் திருப்பி இருவரையும் பார்த்தது.

"தெரிஞ்சேதான் வாங்கிட்டு வந்திருப்பாரோ?" என்று கண்ணாயி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்சு, வேலி கட்டறாரோ?"

பிறகு மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"வேற எடம் பாரு சாமி. அடுப்பே இல்லாத எடம். சோறு போடாட்டிப் போவுது. மூஞ்சியப் பாத்தாப் போதும்."

 எவ்வளவு பெரிய ஆசை, ஒரு காலைக்குள் எவ்வளவு சின்னதாகிவிட்டது.

*

மேட்டில் பனி போய்க் காற்று வந்திருந்தது. கோகிலா மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள்.

"வருஷக் கடைசிம்மா. ஜனவரி ரெண்டு வரைக்கும் ஒரு ரூமும் இல்ல."

"ஏசி, நான் ஏசி, எதுவானாலும்..."

வைத்துவிட்டார்கள்.

அடுத்த இடத்தில் ஓர் அறை இருந்தது. அவள் உயிர் வந்தவள்போலப் பேசினாள்.

"எத்தனை பேரும்மா?"

"அஞ்சு பேருங்க. ரெண்டு பெரியவங்க, நாங்க ரெண்டு பேரு, பாப்பா. அப்பறம் பாக்கறதுக்குச் சொந்தக்காரங்க வருவாங்க."

"பாக்க வர்றவங்க கீழ ரிசப்ஷனோட சரி. மேல விட மாட்டோம்."

"கூடப் பொறந்த தம்பிங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ரிசப்ஷன் என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போன இடத்தில் பார்த்திருக்கிறாள். பிளாஸ்டிக் பூ, சாவி தொங்கும் பலகை, உட்கார்ந்தால் உள்ளே புதைகிற சோபா. அந்த சோபாவின் ஒரு முனையில் முரளி, இன்னொரு முனையில் மாமா. நடுவில், கையை மடியில் வைத்துக்கொண்டு அத்தை. ரயில் வராத ஸ்டேஷனில் காத்திருக்கிறவர்கள் மாதிரி.

வேண்டாம், என்று வாய்விட்டுச் சொன்னாள்.

இன்னும் நான்கு இடம். நான்கிலும் இடமில்லை. ஐந்தாவது இடத்தில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, எல்லாரும் கிச்சன் இருக்கான்னு கேப்பாங்க. நீ கிச்சன் இல்லாத வீடு வேணும்னு கேக்கற. என்னம்மா பிரச்சினை?" என்றாள்.  கோகிலா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றபோது, கீழே ரோட்டில் வேல்முருகனின் பிக்கப் வண்டி ஹாரன் அடித்தது.

ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளி லோடு இறக்கிவிட்டு வந்திருந்தான். சட்டையெல்லாம் மண். மேடேறி வந்து, மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"விட்டுரு கோகி," என்றான்.

"என்னத்த விடறது?"

"பீச்சுல பாத்துக்கலாம். பட்டாணி வாங்கித் தின்னுட்டே பாக்கட்டும். கடக்கரை யாரு ஊடு?"

"பட்டாணி போடறதுக்கா உங்கம்மா இத்தன வருசமாக் காத்துட்டுக் கெடக்கறாங்க?"

 அவன் ஒரு கல்லை எடுத்துக் கீழே உருட்டிவிட்டான்.

"உங்க தம்பிதானுங்க. உங்களுக்கு ஒண்ணுமே தோணாதா?"

"தோணாம என்ன? அவன் போனப்ப, பந்தலுக்கு வெட்டுன மூங்கில நாந்தான் திரும்பக் கொண்டு போயிக் குடுத்தேன். ஊரே பாத்துட்டு நின்னுச்சு." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். "அப்பனும் பாவம் கோகி. அந்தச் சத்தியத்தப் பண்ணிட்டு, அன்னைக்கு ராத்திரி சோறே திங்கல. எறங்கறதுக்கு வழி தெரியாம மரத்து மேலயே உக்காந்திருக்காரு மனுசன். இதுல பால் வேற. மொதல்ல காச்சறவன் ஊடு, அவ்வளவுதான் எங்கூட்டுக் கணக்கு. அதுல மாத்த என்ன இருக்குது?"

கோகிலா திரும்பினாள்.

"என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"மொதல்ல காச்சறவன் ஊடு."

"ஆமா."

"மாமாவுக்கு முன்னால வேற ஒருத்தர் காச்சிட்டா?"

வேல்முருகன் கல்லை விட்டு எழுந்தான்.

"அவரு சத்தியம் பண்ணுனது அவரு ஊட்டுப் படிக்கு," கோகிலா வேகவேகமாகச் சொன்னாள். "அவரு அடுப்புச் சோத்துக்கு. முரளித் தம்பி ஊட்டுக்கு நான் போக மாட்டேன்னு சொன்னாரா? முரளித் தம்பி அடுப்புச் சோற நான் திங்க மாட்டேன்னு சொன்னாரா?"

"அதச் சொல்லல," என்றான் அவன் மெதுவாக. "அது அவரு வாயில வரவே இல்ல."

"நாம போயி எறங்கறதுக்கு முன்னால தம்பி போயிப் பால் காச்சட்டும்."

"அப்பனுக்குத் தெரியாமயா? கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போற மாதிரியா?"

 அவள் விரல்கள் ஏற்கனவே எண்ணைத் தேடிக்கொண்டிருந்தன.

*

முதலில் வீட்டுக்கார அம்மாள்.

"விடியறதுக்கு முன்னால சாவியா? என்னம்மா அவசரம்?"

"எங்க கொழுந்தனாரு முன்னாடியே வந்து பால் காச்சணுமுங்க."



"மூணு நாளுக்கு?"

"ஆமாங்க."

"அம்மாடி, நானே அந்த வீட்டை வாங்கினப்பக் காய்ச்சல. லோன் டென்ஷன்ல மறந்தே போச்சு." அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். "காய்ச்சட்டும் காய்ச்சட்டும். இன்னைக்கு இருக்கிறவங்க நாளைக்குச் சாயங்காலமே காலி பண்றாங்க. சாவியை ராத்திரியே வந்து வாங்கிக்கச் சொல்லு."

கோகிலாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேல்முருகனைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு முரளிக்குப் போட்டாள்.

முரளி முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டான். பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது, யாரோ அதட்டினார்கள், கதவு சாத்தும் சத்தம்.

"அண்ணி, எனக்கு இப்ப ஊடுன்னு ஒண்ணுமே இல்லீங்க. எல்லாத்தையும் மூட்ட கட்டியாச்சு. நீங்க மூணு நாளைக்கு எனக்கு ஒரு ஊடு குடுக்கறீங்க."

"காச்சறீங்களா தம்பி?"

"காச்சறேன். சங்கீதாவும் நானும் சேந்தே காச்சறோம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணுங்க அண்ணி. நான் ஒரு தடவ அவருக்குத் தெரியாம ஓடி வந்தவன். இன்னொரு தடவ அவரு முதுகுக்குப் பின்னால ஒண்ணும் பண்ண மாட்டேன். அவரு ரயில் ஏறும்போதே தெரிஞ்சிருக்கணும், எங்கூட்டுக்குத்தான் வாராருன்னு. நான் வாசல்ல நின்னு, 'வாங்கப்பா, எங்கூடு'ன்னு சொல்லித்தான் கூப்பிடுவேன்."

"அய்யோ தம்பி, தெரிஞ்சா அவரு கெளம்பவே மாட்டாரு."

"அப்படீன்னா கெளம்ப வேண்டாமுங்க."

"அத்தை செத்துருவாங்க."



"அம்மா எனக்குச் சோறு போடணும்னு எனக்கு ஆசை இல்லீங்களா அண்ணி?" என்றான். "ஆனா ஏமாத்திக் கூப்பிட்டுத் தின்னா அந்தச் சோறு உள்ள எறங்காது. அண்ணனக் கேளுங்க, அவனுக்குத் தெரியும். நீங்களே அப்பாகிட்டச் சொல்லிருங்க. என்னால முடியாது, அவரு எம்பேச்சக் கேக்க மாட்..."

காற்றோ மேகமோ, டவர் போய்விட்டது. அவள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தாள். சென்னை திரும்பி வரவேயில்லை.

"நான் சொல்ல மாட்டேன் கோகி," என்றான் வேல்முருகன் தரையைப் பார்த்தபடி. "என்னால ஆவாது. எங்கப்பன் மூஞ்சியப் பாத்து அந்தப் பேர என்னால சொல்ல முடியாது."

*

சாயங்காலம் ஹாலின் நடுவில் பெரிய பை வாயைத் திறந்து கிடந்தது. அதற்குள் சாமை அரிசி, மிளகு, மரவள்ளி வத்தல், ஹரிணியின் புதுக் கவுன். ஓரத்தில் காளியண்ணனின் வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, துண்டு. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி அவரே மடித்துக் கொடுத்திருந்தார். உச்சியில் பானை.

கோகிலா மாமியாரின் காதில் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.  கண்ணாயி குனிந்து, பையிலிருந்து பானையை எடுத்து, சமையலறை அலமாரியில் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தாள்.

காளியண்ணன் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். பையைப் பார்த்தார்.

"பானைய யாரு எடுத்தது?"

"நாந்தானுங்க." கண்ணாயியின் குரல் நடுங்கவில்லை. "அங்க அது வேண்டியதில்ல. நாம போறதுக்கு முன்னயே ஊட்டுக்காரங்க காச்சி வெச்சிருப்பாங்க."

"வாடகைக்கு உட்டவங்க எதுக்குப் புள்ள பால் காச்சறாங்க?"

வேல்முருகன் வாசலுக்குப் போய், இருட்டத் தொடங்கிய ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டான்.

"அப்பாரு, கடல்ல மீனு காலக் கடிக்குமா?"

"இரு சாமி." அவர் மனைவியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு அந்த ஊட்டுக்காரன்? பேரு என்ன?"

 ஏதாவது ஒரு பேரைச் சொல்லிவிடலாம். சென்னையில் எத்தனை லட்சம் பேர், எத்தனை பேர் வீட்டுக்காரர்கள். ஒரு பொய், நாளைக்கு ஒரு ரயில், அதற்கப்புறம் வாசலில் நின்று முரளி கூப்பிடுகிற அந்தக் குரல். கோகிலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"முரளிங்க மாமா."

உள்ளே எங்கேயோ ஒரு பாத்திரம் தானாக அசைந்து நின்றது.

அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். இனி நிறுத்தினால் தொடங்க முடியாது என்று அவள் பேசிக்கொண்டே போனாள்.

"மூணு நாளைக்கு அது அவரு ஊடுங்க. அப்பறம் மஸ்கட்டுக்குப் போறாரு, குடும்பத்தோட. வர மூணு வருசமாகும். உங்களுக்குத் தெரியாமக் கூட்டியாரக் கூடாதுன்னு அவருதான் சொன்னாருங்க. வாசல்ல நின்னு 'வாங்கப்பா, எங்கூடு'ன்னு சொல்லிக் கூப்பிடுவாராமாங்க. உங்க சத்தியத்துக்கு ஒரு கொறையும் வராதுங்க மாமா. நீங்க மிதிக்கறது அவரு படி. திங்கறது அவரு அடுப்புச் சோறு."

"ஆருக்கு இந்த ரோசன வந்துச்சு?"

"எனக்குத்தானுங்க."

"கீழ்நாட்டு மூள," என்றார். திட்டா, பாராட்டா என்று தெரியவில்லை.

எழுந்தார். பையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். வேட்டியை எடுத்தார். சட்டையை எடுத்தார். துண்டை எடுத்தார். மூன்றையும் மடிப்புக் கலையாமல் பெஞ்சின் மேல் வைத்தார்.

"ஏனுங்க..." என்றாள் கண்ணாயி.  சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் சமையலறைக்குப் போனார். அலமாரியின் மேல்தட்டை எட்டி, பானையை இறக்கி எடுத்து வந்தார். தோளில் கிடந்த பழைய துண்டால் அதன் உள்ளும் வெளியும் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார், அடியைத் துடைத்தார், மறுபடியும் கழுத்தைத் துடைத்தார். பிறகு அதைப் பைக்குள், தன் வேட்டி இருந்த இடத்தில் வைத்தார்.

"பால் காச்சற ஊட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாது. இதுலயே காச்சச் சொல்லிக் குடுத்துருங்க."

"முன்னாடியே காச்சிருவாங்களே அப்பாரு," என்றாள் ஹரிணி. "நாம போறப்ப ஆறிப் போயிருக்குமே."

அவர் பேத்தியின் தலையில் கை வைத்தார்.  ஆணியில் மாட்டியிருந்த டார்ச்சையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற மகனைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக் கொட்டாய் இருக்கிற திசையில் நடந்தார். டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் தெரிந்தது. பிறகு பனி அதை மூடிக்கொண்டது.

"கொட்டாய்க்கா போறாரு?" என்று கேட்டான் வேல்முருகன். யாரிடம் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

கண்ணாயி பையின் பக்கத்தில் உட்கார்ந்து, பானையின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அழாதவள், பேத்தி பார்க்கிறாளே என்ற கூச்சம்கூட இல்லாமல் அழுதாள். மகனுக்குச் சீர் போகிறது. அப்பன் போகவில்லை. எதற்கு அழுகிறாள் என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"அப்பாரு கடலுக்கு வரலியாம்மா?"

கோகிலா பையை மூடுவதற்காகக் குனிந்தாள். பெஞ்சின் மேல் மடித்தபடி இருந்த வேட்டியைப் பார்த்தாள். பைக்குள், பானையைச் சுற்றிலும் எட்டிப் பார்த்தாள். கை விட்டும் பார்த்தாள். ஒரு வேட்டி, ஒரு சட்டை, ஒரு துண்டு வைக்கிற அளவுக்கு அதற்குள் தாராளமாக இடம் இருந்தது.

அவள் ஜிப்பை இழுக்காமல், பையைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்தாள்.